புள்ளி வைக்காத சுவர்

அன்று மதியம் எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். குடும்பத்தின் மூத்தவன் மாதிக்கே, அதாவது நான்; என் தம்பி பிராம்; அவன் மகள் சுக்கெய்னா; குர்ஆன் பள்ளி உஸ்தாத் லமின். கட்டியிருந்த ஆட்டுக்கடாவைச் சேர்த்தால் ஐந்து. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. தெருவிலேயே பெரிய கடா எங்களுடையதுதான். அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

சுக்கெய்னா கலைஞர். அரபு எழுத்தை ஸ்பிரே டப்பாவால் சுவரில் வளைப்பாள், நெளிப்பாள், ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவாள். கேட்டால், "நான் யாருன்னு தேடுறேன், பெரியப்பா" என்பாள். தக்கார் நகரம் முழுக்கச் சுவர் சுவராகத் தேடிவிட்டு, கடைசியில் என் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தாள். நான் தடுக்கவில்லை. நான் ஒன்றும் பழைய காலத்து ஆள் இல்லை.

எங்கள் குலப்பெயரை நான் சொல்லத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். அது எங்கள் முப்பாட்டனை விலைக்கு வாங்கிய வீட்டாரின் பெயர் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பிராமுக்குத் தெரியும். பிராமுக்கு வாய் கொஞ்சம் அகலம்.

அன்று சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு நீலத்தில் ஒரே ஒரு சொல் நின்றது. இன்னும் புள்ளி வைக்கவில்லை. இப்படி வரைகிறவர்கள் புள்ளியைக் கடைசியில்தான் வைப்பார்களாம்.

லமின் அண்ணாந்து பார்த்தார். "நடு எழுத்துக்குக் கீழ ஒண்ணு வெச்சா அடிமை, ரெண்டு வெச்சா பெருநாள். எதும்மா வைக்கப் போற?"

"சாப்ட்டு வந்து வைக்கிறேன் உஸ்தாத். அதுவரைக்கும் அவங்கவங்க மனசுல இருக்கிறதை வெச்சுக்குங்க" என்று சிரித்தாள். "வேணும்னா பெரியப்பாவைக் கேளுங்க. வீட்டுக் கதையெல்லாம் அவருகிட்டதான் பூட்டிக் கெடக்கு."

"வாசல்ல கடாவைக் கட்டிட்டு வேற என்னத்த எழுதுவா?" என்றான் பிராம். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதது நானும் கடாவும்தான்.

ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். மீன் சோறு. மீனின் நல்ல பகுதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள் சுக்கெய்னா. மரியாதை தெரிந்த பெண். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

நான் முதலில் கை கழுவ எழுந்தேன். அவள் நின்று வரையும் பலகை மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிற்றில் தொங்கியது. ஒரு கயிற்றின் முனையைக் கீழே இறக்கித் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வளையத்தில் கட்டியிருந்தார்கள். இரண்டு முடிச்சு. ஒன்றை முழுதாக அவிழ்த்தேன், மற்றதைப் பாதி. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சுத்தம் எங்கள் வீட்டில் முக்கியம்.

முதல் சுற்றுத் தேநீர் கொதிப்பதற்குள் அவள் மாடி ஏறிப் பலகையில் இறங்கிவிட்டாள். "பெரியப்பா, கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க!" என்று மேலிருந்து கத்தினாள். பலகை சாய்ந்தது. கடா மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்து வர எனக்கு வெகு நேரமாயிற்று. அதனால் அவளுடைய கடைசி மூச்சின்போது நான் பக்கத்தில் இல்லை.

அவள் கையில் ஓர் அட்டை இருந்தது, புள்ளி அடிப்பதற்காக வெட்டியது. அடக்கம் முடிந்ததும் பிராம் அதை என் மடியில் வைத்தான்.

"ஓட்டையை எண்ணிப் பாருண்ணே."

எண்ணினேன். இரண்டு. ஒன்றை விரலால் மூடிக்கொண்டு அடித்தால் யார் தடுப்பது?

அவள் பெருநாள் வாழ்த்து எழுதப் போய் விழுந்தாள் என்று எங்கள் மெதினா பேட்டை முழுக்க ஒரு பேச்சு. அது தவறு. அவள் எழுதியது அடிமை என்றுதான். சுவர் இன்னும் புள்ளியில்லாமல் அப்படியே நிற்கிறது. நான் தினமும் வாசிக்கிறேன்.