பாதுஷா கேட்ட ஒத்தாசை

இல்ல தௌஹீத், சோபா வேணாம். பள்ளமா இருக்கு, உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். அந்தப் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போடு. வாக்கரைக் கைக்கெட்டுற மாதிரி வையி. ஆங், அம்புட்டுதான். என்னடா அப்பிடி முழிக்கிற. நாலு வருசமா இந்த வாசப்படி மிதிக்காத அண்ணன், இடுப்பு ஒடிஞ்சப்புறம் வந்து நிக்கிறானேன்னு பாக்குற. பாத்துக்க.

பஸ்ஸுலதான் வந்தேன். சிம்மக்கல்லுல இருந்து ஆட்டோக்காரன் இருநூறு கேட்டான். அதுக்கு ரெண்டு நாள் மாத்திரை வாங்கிருவேன். கண்டக்டர் நல்ல மனுசன், பசுமலை ஸ்டாப்புல அவரே வாக்கரை இறக்கி வச்சாரு.

ஆஸ்பத்திரிக்கு நீ வந்தது தெரியும். நான் தூங்கல. தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். விடு.

எப்பிடி விழுந்தேன்னு உன் மதினி மெஹருன்னிசா சொல்லலயா? பாண்டிராஜ் பாத்திரக்கடை இருக்குல்ல, அங்கதான். ஷட்டர் பாதில நின்னுக்கிருச்சுன்னு கூப்பிட்டாரு. முப்பது வருசமா இந்தத் தொழில் பாக்குறேன். ஸ்பிரிங்கைக் கட்டாம போல்ட்டைக் கழட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நோம்பு. பொழுது சாஞ்சு மகரிப் பாங்கு சொல்றதுக்குள்ள முடிச்சுட்டுக் கஞ்சிக்குப் போயிரலாம்னு ஒரு அவசரம். முறுக்கி நின்ன ஸ்பிரிங்கு ஒரே சுத்துல விட்டுருச்சு. ஏணியோட கீழ வந்துட்டேன். யாரையும் குத்தம் சொல்ல முடியாது, என் கொழுப்பு.

இடுப்புல பிளேட் வச்சாங்க. காப்பீட்டுக் கார்டுல போனது போக, கைக்காசு ரெண்டே முக்கால் லட்சம். எங்கிட்ட ஏதுடா? பாண்டிராஜ் எம்பதாயிரம் குடுத்தாரு, நம்ம கடையில விழுந்துட்டாரேங்கிற வருத்தம் அவருக்கு. மெஹருன்னிசா மகளிர் குழுவுல ஒரு லோன் எடுத்தா. மிச்சத்துக்கு, எதுத்த வீட்டு அன்னக்கொடி தாலிச் செயினைக் கழட்டிக் குடுத்துருச்சு. நான் கேக்கவே இல்ல. வச்சுக்கங்கண்ணே, நடந்தப்புறம் மீட்டுக் குடுங்கன்னுச்சு. இப்ப வெறும் மஞ்சக் கயிறோட திரியுது. எதுக்க வந்தா நான் குனிஞ்சுக்கிறேன். அது ஒரு வார்த்தை கடுசாப் பேசினாக்கூட மனசு ஆறிரும். காலு எப்பிடிண்ணே இருக்குன்னு தான் கேக்குது. அதைத்தான் தாங்க முடியல.

டீயா? சீனி போடாம குடுக்கச் சொல்லு. சுகர் முன்னூறுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. அதுலதான் உள்ள சீழ் வச்சுருச்சு, பிளேட்டை எடுக்கணும்ங்குறாங்க. இந்தத் தடவை பெரியாஸ்பத்திரி, செலவு இல்ல. திங்கக்கிழமை காலைல. மயக்க ஊசி போடுற டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க, இருதயம் பலமா இல்ல பாதுஷா பாய், வீட்டு ஆம்பளை யாரையாச்சும் கூட்டிட்டு வாங்கன்னு. யாரைக் கூட்டிட்டுப் போக. மருமகன் சவூதில கெடக்கான். நானே கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். மெஹருன்னிசாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாத.

போனைக் கீழ வையிடா. ஜிபே பண்ணச் சொல்லி நான் வரல. தந்தா வாங்கிக்கிருவேன், வேணாம்னு சொல்ற நெலமையிலயா இருக்கேன். ஆனா வந்தது அதுக்கு இல்ல.

நம்மளப் பெத்த அத்தா மவுத்தானப்ப, அடக்கத்துக்கு முன்னாடி ஜனாஸா தொழுகைக்கு சஃப் கட்டி வரிசையா நிக்கிறோம். தொழுக வைக்கிற ஹஜ்ரத் திரும்பிக் கேட்டாரு, மையத்தாக் கெடக்குறவரு யாருக்காச்சும் கடன் குடுக்க வேண்டியிருந்தா பொறுப்பெடுக்க யாரு இருக்கான்னு. மூத்தவன் நான் நிக்கிறேன். யோசிச்சேன். ஆமாடா, ஒரு நிமிசம் யோசிச்சேன். மக ரூபினா கல்யாணச் செலவு தலைல நின்னுச்சு. அதுக்குள்ள நீ முன்னாடி போயி, எங்க அத்தா கடனை எங்கிட்ட வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லிட்ட. ஜமாத்து பூரா என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அதுக்குத்தான் நாலு வருசம் உங்கிட்டப் பேசல. வீட்டுப் பங்குல தகராறுன்னு ஊருக்குச் சொன்னதெல்லாம் பொய்யி. கடனைப் பூரா நீதான் அடைச்ச, அதுவும் தெரியும்.

எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளை. அதுக சஃப்ல வந்து நிக்க முடியாது. திங்கக்கிழமை ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, ஹஜ்ரத் அதே மாதிரி திரும்பிக் கேப்பாரு. கேட்டுட்டு ஒவ்வொரு மூஞ்சியாப் பாப்பாரு. அன்னக்கொடி வீட்டுக்காரரு பள்ளிவாசல் கேட் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருப்பாரு. எனக்கு அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு, சாகுறதுக்குப் பயம் இல்ல.

அழுகாதடா, உன் வீட்டுல பாக்குறாங்க. குடுக்குறது மெதுவாக் குடு, பிள்ளைகளும் சேந்து குடுக்கும். கடனுக்கு நான் பொறுப்புன்னு சொல்ல மட்டும் ஒரு ஆளு வேணும். அண்ணன் சொல்றேன், அன்னைக்கு மாதிரி நீயே முந்திக்க.