நிற்காத விநாடி முள்

காலையில் எழுந்ததும் வாட்சுக்குச் சாவி கொடுப்பேன். திருகு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் திருகினால் ஸ்பிரிங் போய்விடும். பிறகு அடுப்பில் பால் வைப்பேன். ஒரு ஆளுக்கான பால். காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் ஸ்கூட்டர் நின்ற இடத்தைப் பெருக்குவேன். அங்கே ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. பெருக்கினால் போகாது. அப்புறம் ஏரிக்கரைக்குப் போய்க் கடையைத் திறப்பேன். மிளகு, காபித் தூள், ஏலக்காய். நேற்று வரை இப்படித்தான் போனது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். வாட்சிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அது மாமனார் போட்டது. எங்களில் நிக்காஹ் அன்று பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவிடுவார்கள். மற்றவர்களுக்கு பேட்டரி வாட்ச் கிடைக்கும். எனக்குச் சாவி கொடுக்கிற, ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச் கிடைத்தது. பி.காம். படித்த மாப்பிள்ளை, எல்லாவற்றிலும் கணக்காக இருப்பார் என்று சபையில் மாமனார் சொன்னார்.

இந்த மாதிரி வாட்சில் நடுவில் இருக்கும் நீண்ட விநாடி முள் சும்மா பன்னிரண்டில் நிற்கும். பக்கத்துப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும்; ஓடிய நிமிஷத்தையும் மணியையும் சின்ன வட்டங்கள் எண்ணும். நிஜமான விநாடி ஓரத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. பந்தியில் ஒருவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமனாரு ஓடாத வாட்சக் கட்டி ஏமாத்திப்புட்டாருங்களே மாப்ள" என்றார். பந்தியே சிரித்தது. நான் அங்கேயே பட்டனை அமுக்கினேன். முள் ஓடியது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அதை நிறுத்தவில்லை.

இப்படி ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் தேயாதா என்று முதலில் கேட்டவள் என் மனைவி பர்ஹானாதான். அவளுடைய அத்தா வாங்கியது என்ற அக்கறை. இரண்டு பேரும் மலையிறங்கி, சேலத்தில் லூர்துராஜ் வாட்ச் கடைக்குப் போனோம். அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஸ்டாப்வாட்ச் ஓடும்போது கூடுதலாக ஒரு சக்கரம் வந்து மாட்டிக்கொள்கிறது, அதுவும் அதே ஸ்பிரிங்கின் பலத்தைத்தான் இழுக்கிறது என்றார். ஓடுகிற எதுவும் தேயத்தான் செய்யும், இதில் கொஞ்சம்தான், அதுவும் வெளியிலிருந்து தெரியாது, எண்ணெய் போட்டுக்கொண்டால் போதும் என்றார். பிறகு, "வேணுங்கறப்ப ஓட்டுங்க, வேண்டாங்கறப்ப நிறுத்திருங்க" என்று சொல்லி மூடிக் கொடுத்தார்.

எப்போது வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பர்ஹானா சேலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனாள். காலையில் அவள் வாசலைத் தாண்டும்போது பட்டனை அமுக்குவேன். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்வாள். அப்போது நிறுத்துவேன். ஆரம்பத்தில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. "என்னைய பஸ்ஸாட்ட டைம் பாக்கறீங்களே, நீங்க கண்டக்டராப் போயிருக்கலாமுங்க" என்பாள். அமுக்கியாயிற்றா என்று அவளே கேட்டுவிட்டுக் கிளம்புவாள். பிறகு சிரிப்பது நின்றது. பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

குளிக்கப் போனாலும் அமுக்குவேன். அவள் அம்மாவிடம் போன் பேசினாலும் அமுக்குவேன். கதவைத் தட்டியதில்லை. போனைப் பிடுங்கியதில்லை. ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. இதை நீங்கள் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். பஸ்ஸில் போனால் தாமதத்துக்கு டிரைவர் காரணம், மழை காரணம், லாரி காரணம். ஸ்கூட்டரில் போனால் அவள் மட்டும்தான் காரணம். அவளுக்கு வசதி என்றும் நினைத்தேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் மலையில் இறங்கும்போது பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறது. அடிவாரம் வரைக்கும் கை லீவரை விட முடியாது. அதனால் தினம் காலையில் லீவரை அமுக்கிப் பார்ப்பேன். தளர்ந்திருந்தால் சக்கரத்துப் பக்கம் இருக்கும் நட்டைக் கொஞ்சம் இறுக்குவேன். அது என் வேலை. ஒருமுறை அவள் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றாள். வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை.

போன மழைக்காலத்தில் நேரம் கூடியது. ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தவள், அதைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். கேட்டேன். வழியில் கொஞ்சம் நின்றதாகச் சொன்னாள். எதற்கு என்றேன்.

"சும்மாதாங்க."

மறு வாரமும் கேட்டேன். மறுபடியும் சும்மா. மலைப்பாதையில் சுற்றுலா வந்தவர்கள் சும்மா நிற்பார்கள். தினம் வேலைக்கு இறங்குகிறவர்கள் யாரும் நிற்பதில்லை.

எங்கள் கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் வேன் டிரைவர் ஜெயபிரகாஷ் ஒரு நாள் மூட்டையை இறக்கிக்கொண்டே சொன்னார்: "பாய், உங்க ஊட்டுக்காரம்மாவ வளைவுல பாத்தனுங்க. வண்டிய ஓரங்கட்டிட்டு நின்னாங்க. கூட ஒரு ஆளு தண்ணி பாட்டலோட நின்னுட்டிருந்தான்." அவர் வேறெதுவும் நினைத்துச் சொல்லவில்லை. மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். காலையில் வழியில் எங்காவது நின்றாயா?

"இல்லீங்களே" என்றாள்.

என் கையில் வாட்ச் இருந்தது. அது நின்றிருக்கிறாள் என்றது. வேன் டிரைவர் நின்றிருக்கிறாள் என்றார். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "இல்லை" என்றாள். அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. ஒருவனை ஏமாற்றுவதற்கு அவன் ஏதாவது தப்புச் செய்திருக்க வேண்டும் என்பதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

அந்த வாரக் கடைசியில் வண்டியை சிக்கந்தரின் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவன் நட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். இனி இறுக்குவதற்கு மரை இல்லை என்றான். "ரெண்டு சக்கரத்துலயும் புடிச்சு நிறுத்தற பிரேக் ஷூ சுத்தமாத் தேஞ்சுபோச்சு மாப்ள. கடைசி வரைக்கும் இறுக்கினீன்னா கைக்கு நல்லா இறுக்கமாத்தான் தெரியும். ஆனா எறக்கத்துல வண்டி நிக்காது." புது ஷூ இரண்டு ஜோடி எடுத்துக் கொடுத்தான். அங்கேயே மாட்டித் தருகிறேன் என்றான். எனக்கு மாட்டத் தெரியும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவற்றைக் கடை மேசை டிராயரில், மிளகுப் பாக்கெட்டுகளுக்கு அடியில் வைத்தேன். நீங்கள் அங்கேதான் எடுத்தீர்கள். உங்களிடம் சொன்னவன் சிக்கந்தர். நானும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவனும் இப்படிச் செய்வான் என்று எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நட்டையும் மரை முடிகிற வரைக்கும் இறுக்கினேன். பர்ஹானாவைக் கூப்பிட்டுப் புது ஷூ போட்டாயிற்று என்றேன். அவள் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து லீவரை அமுக்கிப் பார்த்தாள். இரண்டு மூன்று தடவை அமுக்கினாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. அன்று ராத்திரி சேமியா பாயசம் வைத்தாள்.

நான் செய்தது இவ்வளவுதான். நட்டை இறுக்கினேன். ஒரு பொய் சொன்னேன். அவள் சொன்ன பொய்க்கு ஒன்று. பாதை அவளுடையது, கை அவளுடையது. அவள் வழக்கம்போல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றிருந்தால் பிழைத்திருப்பாள் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பனி மூட்டம் இருந்தது. அவள் கிளம்பினாள். பட்டனை அமுக்கினேன். போன் வந்தது. அவள் போனிலிருந்துதான் வந்தது. பேசியது வேறு யாரோ. அதனால் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து முள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தினம் சாவி கொடுக்கிறேன். தேய்ந்ததாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து தெரியாது என்று லூர்துராஜ் சொன்னது நினைவிருக்கிறது.

அந்தத் தண்ணீர் பாட்டில் ஆள் வளைவில் சோளம் சுட்டு விற்கிறவர் என்றும், சூடேறிய சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் கொடுத்தார் என்றும் நேற்று நீங்கள் சொன்னீர்கள். நான் குனிந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்துவிட்டான், இப்போதுதான் தெரிகிறது, இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அதைக் குடித்துவிட்டேன். அதனால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அவளை அடக்கம் செய்த அன்று மய்யித்து வீட்டில் எல்லோரும் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். "போய்ட்டு வர்றேங்க" என்று சொன்னதாகச் சொன்னேன். மாமனார் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். அது அவள் தினம் சொல்வது. அன்றைக்குச் சொன்னது வேறு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, லீவரை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, பழையபடி சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் பட்டனை அமுக்கினேன்.

"ஏனுங்க, இனி வளைவுல நின்னு தண்ணி ஊத்தி பிரேக்க ஆற வெக்க வேண்டியதில்லீங்க. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னுதான் இத்தன நாளு சும்மா, சும்மான்னேன். இன்னிக்கு எங்கயும் நிக்காம போயிர்றனுங்க, அமுக்குங்க."