சொந்தக்காரங்க எல்லாம் வெளிய போகலாம்

ஐயையோ, கதவைத் தட்டாதீங்க சார். உள்ள பேசிக்கிட்டிருக்கும்போது யாராவது தட்டினா தலைவருக்குக் கோவம் வந்துரும், விட்ட இடம் மறந்து முதல்லேர்ந்து ஆரம்பிப்பார். வாங்க, இப்படி உட்காருங்க. அந்த ஓரம் வேணாம், அந்தப் பக்கத்துக் கால் ஆடும். பிளானைச் சுருட்டி மடியிலயே வச்சுக்கங்க. கீழ வச்சா போறவன் வர்றவனெல்லாம் மிதிச்சிட்டுப் போவான், அப்புறம் படுக்கையறையில செருப்புத் தடம் இருக்கும்.

தெரியும் சார், இன்னிக்கு மனு வந்திருக்கற அந்த வீட்டுக்கு பிளான் போட்ட என்ஜினியர் நீங்கதான். எப்படின்னா? இந்த ஊருல இவ்வளவு நீளமா பேப்பரைச் சுருட்டிக்கிட்டு வேற யாரு வரப்போறா? டவுன்லேர்ந்து வர்ற வழியில டயர் பஞ்சராமே? பெட்ரோல் பங்க்ல இருக்கறவன் அப்பவே போன் போட்டுச் சொல்லிட்டான். இங்க அப்படித்தான். ஒருத்தன் தும்மினா அடுத்த தெருவுல மாத்திரை எடுத்து வைப்பாங்க.

நானா? நானும் கவுன்சில் மெம்பர்தான். ஒம்பது பேர்ல ஒருத்தி. எதிர்ல பேக்கரி இருக்கு பாருங்க, பச்சை ஷட்டர், அது நம்மளுது. ரொட்டி விக்கிறவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேக்காதீங்க, அதைத்தான் நானும் தினம் கேட்டுக்கிட்டிருக்கேன். முன்னெல்லாம் ஒரு ரொட்டி வாங்கினா ஒரு நிமிஷத்துல போயிடுவாங்க. மெம்பரானதுலேர்ந்து ஒரு பன்னு வாங்கிட்டு அரைமணி நேரம் நின்னு ஊர் நியாயம். போன வருஷம் கோழிப்பண்ணைக்காரர் ஷெட்டைப் பெருசாக்கணும்னு கேட்டாரு. நாத்தம் தாங்காதுன்னு எதிரா கை தூக்கிட்டேன். அவ்வளவுதான், முட்டை கட்! ரெண்டு மாசம் இந்த ஊருல யாருக்குமே கேக் கிடையாது. பொறந்தநாளுக்கெல்லாம் ரொட்டி மேல மெழுகுவத்தி ஏத்தினாங்க சார், சத்தியமா.

மெம்பர்னா உள்ளதானே இருக்கணும்னு பாக்கறீங்க. அங்கதான் ஒரு சட்டம் இருக்கு. வீடு கேட்டு மனு போட்டவங்களுக்கு யாராவது சொந்தம்னா, அந்த மெம்பர் எழுந்து வெளிய வந்துடணும். பேசக்கூடாது, கை தூக்கக்கூடாது. நல்ல சட்டம்தான், இல்லேங்கல. ஆனா எழுதினவன் ஏதோ பெரிய பட்டணத்துல உட்கார்ந்து எழுதியிருக்கான். இங்க திரும்பின பக்கமெல்லாம் மாமன் மச்சான்தான். பசு மாட்டைத் தவிர எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறை வரும். ஒரு தடவை பாருங்க, தலைவரோட தங்கச்சி மருமகன் ஒரு மாடி எடுக்கணும்னு மனு போட்டான். கிளார்க் எழுந்து, சொந்தக்காரங்க எல்லாம் வெளிய போகலாம்னாரு. தலைவர் எழுந்தாரு. பின்னாடியே அவர் சம்பந்தி. அப்புறம் அந்த மூலையில ரெண்டு பேரு. கடைசியில பாத்தா உள்ள மிச்சம் பைனாகுலர் ஐயா, கிளார்க்கு, ஃபேனு. நாங்க எல்லாம் இதே வராண்டாவுல. ஜேஜேன்னு இருந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் ஒரே இடத்துல கூடி எத்தனை நாளாச்சுன்னு நான் போய் பிஸ்கட் கொண்டுவந்து குடுத்தேன்.

பைனாகுலர் ஐயாவா? அவரு ரிட்டையர்டு ஆபீசர். குருவி பாப்பாரு. யாரு வீடு கேட்டாலும் வேணாம்பாரு. வயல் போச்சு, பச்சை போச்சு, பறவை போச்சுன்னு நல்லாத்தான் பேசுவாரு, எனக்கே கண்ணு கலங்கும். அவர் வீடே பத்து வருஷம் முந்தி வயலுக்கு நடுவுல கட்டினதுதான். அதைக் கேட்டா, அது வேறங்கறாரு. எல்லாருக்கும் அப்படித்தானே சார், நம்ம வீடு வரைக்கும் ஊரு, அதுக்கப்புறம் இயற்கை.

ஆனா அவரை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. பஸ் ஓட்டறவர் ஒருத்தர் மெம்பரா இருக்காரு, அவரு நேர் எதிர். போகையில நானும் கண்டக்டரும், வர்றப்ப கண்டக்டரும் நானும், இப்படியே போனா பஸ்ஸை நிறுத்திடுவாங்கம்பாரு. பள்ளிக்கூடத்துலயும் அதே கதை. ரெண்டு வகுப்பை ஒண்ணாச் சேத்தாச்சு. டீச்சர் பாதிப் பலகையில கூட்டல், பாதிப் பலகையில பெருக்கல் போடறாங்க. புதுசா நாலு குடும்பம் வந்தாத்தான் ஊரு ஊரா இருக்கும். வந்துட்டா வயலு வயலா இருக்காது. ரெண்டும் நெசந்தான். ரெண்டு பக்கத்துக்கும் நான்தான் ரொட்டி போடறேன், நான் எங்க போய் முட்டிக்கறது?

சரி, உங்க மனுவுக்கு வர்றேன். இப்ப உள்ள அதுதான் ஓடுது. உங்களுக்குத் தெரியாததா, அந்த மனை மேலதான் ஊர் எல்லைக் கோடு போகுது. கோட்டுக்கு உள்ள கட்டலாம், வெளிய கட்டக்கூடாது. மேப்புல யாரு புண்ணியவான் கோடு போட்டானோ, மொத்தமான பேனாவுல இழுத்துட்டான். அந்தக் கோட்டோட தடிமனே தரையில ஒரு மாட்டுவண்டி அகலம் வருது. அளந்து பாத்தா சமையலறை ஊருக்குள்ள, படுக்கையறை ஊருக்கு வெளிய! அப்ப அவங்க சமைக்கலாம், தூங்கக்கூடாதான்னு பஸ்காரர் கேட்டாரு. தலைவரே சிரிச்சுட்டாரு. பைனாகுலர் ஐயா மட்டும் சிரிக்கல. இன்னிக்குக் கோட்டைத் தாண்டி ஒரு கட்டில் போட்டா நாளைக்கு ஒரு காலனி போடுவான்னாரு.

சிரிப்பு வரலியா? உங்களுக்கு எப்படி வரும், நீங்க ராத்திரி பகலா வரைஞ்சிருப்பீங்க. மனு போட்ட அந்த அம்மாவைத்தான் நீங்களும் பாத்தீங்களே. டவுன்ல வாடகை வீடு, ஓனர் விக்கப்போறேன்னு நோட்டீஸ் குடுத்துட்டான். பொண்ணுக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு பேரப் பிள்ளைங்க, வாலுங்க. அப்பா எழுதி வச்ச அந்த ஒரு துண்டு மனைதான் கையில இருக்கு. இன்னிக்குக் கட்டலாம்னு முடிவாச்சுன்னா அஸ்திவாரம் தோண்டலாம். முடியாதுன்னா மறு மனு ஒரு வருஷம் கழிச்சுத்தான். நம்ம கவுன்சில்ல ஓட்டு சரிபாதியா வந்தாலும் முடியாதுன்னுதான் கணக்கு.

எப்படி இவ்வளவும் தெரியும்னா? அட, அவ என் நாத்தனார் சார். என் வீட்டுக்காரரோட கூடப்பொறந்த தங்கச்சி. அதான் வெளிய உட்கார்ந்திருக்கேன். அந்த மனையும் என் வீட்டுக் கொல்லைப்புறத்தை ஒட்டினதுதான்.

நான் சொல்றதைக் கேட்டா நாங்க பேசிக்கற மாதிரி தெரியலியா? கரெக்டாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க. பேச்சுவார்த்தை கிடையாது. என் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து கிடையாது. அவருக்கு உடம்பு முடியாமப் போனப்ப, தங்கச்சிகிட்ட சொல்லாதே, பயந்துடுவான்னாரு. நானும் சொல்லல. ரெண்டு நாள்ல எழுந்து வந்துடுவாருன்னு நெனச்சேன். வரல. அவ வந்து சேந்தப்ப முகத்தைத்தான் பாக்க முடிஞ்சுது. ஆஸ்பத்திரி வாசல்ல அத்தனை பேருக்கு முன்னாடி கேட்டா சார், எங்க அண்ணனே போயாச்சு, இனிமே நீ எனக்கு யாருன்னு. அதோட அண்ணின்னு கூப்பிடறதும் நின்னுபோச்சு. கல்யாணமாகி நான் இங்க வந்தப்ப பாவாடை சட்டையில என் பின்னாடியே அண்ணி அண்ணின்னு சுத்தினவ. எனக்குத் தலைவாரத் தெரியாது அண்ணின்னு சீப்பைத் தூக்கிட்டு வந்து நிப்பா. வலிச்சுது சார், அந்தப் பேச்சு ரொம்ப வலிச்சுது. இல்லன்னு சொன்னா பொய்.

அதனால இவ மனு வந்ததும் ஊருக்கு, வெறும் வாயை மெல்றவனுக்கு அவல் கிடைச்ச மாதிரி. பேக்கரிக்காரி பழி தீத்துடுவா பாருன்னு பேச்சு. கோழிப்பண்ணைக்காரர் பந்தயமே கட்டினாராம், அதுவும் முட்டையை வச்சு. எல்லாரும் விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டாங்க, அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் நாலு, நடுவுல நான். நான் எந்தப் பக்கம் கை தூக்கறனோ அந்தப் பக்கம் ஜெயம்.

ஆமா, நான் வெளிய வந்துட்டா நாலும் நாலும்தான். கணக்கு உங்களுக்கு நல்லா வருது சார். கோவப்படாதீங்க. தண்ணி குடிக்கறீங்களா?

அதோ, கதவு திறக்குது. கிளார்க்குதான். என்னங்கய்யா ஆச்சு? ...ம். சரிபாதியா? ஒருத்தர்கூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசையலியா? சரிங்கய்யா. அம்மாவும் பொண்ணும் உள்ளதான் இருக்காங்களா? அழறாளா? ...சரி, நீங்க போங்க.

உட்காருங்க சார், இப்ப ஓடி என்ன பண்ணப்போறீங்க. முடிஞ்சுபோச்சு. அவங்க கையெழுத்துப் போட்டுட்டு வரட்டும்.

என்னைத் திட்டணும்னா திட்டிக்கங்க. என்னது? புருஷன் போனப்புறம் நாத்தனார் உறவு அந்தச் சட்டத்துல வராதா? தெரியும் சார். கிளார்க் நேத்தே சொல்லிட்டாரு. ரத்த சொந்தம், கட்டினவங்க, அவ்வளவுதானாம் கணக்கு, மத்ததெல்லாம் நாமளா சொந்தம்னு சொன்னாத்தான் சொந்தமாம். நீங்க தாராளமா உட்காரலாம்மா, மனுதாரர் உங்களுக்கு யாருன்னு கேப்பேன், எனக்கு யாருமில்லன்னு சத்தமா ஒரு வார்த்தை சொல்லிட்டு உட்கார்ந்துக்கங்கன்னாரு. ஆமா, உள்ளயும் கேட்டாரு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. பைனாகுலர் ஐயாகூட.

பழியா? அட போங்க சார். இந்த வாரம் அவளே கடைக்கு வந்தா. இத்தனை வருஷத்துல முதல் தடவை. கூட்டம் கலையற வரைக்கும் ஓரமா நின்னா. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. ஏங்கன்னுதான் ஆரம்பிச்சா. ஏங்க, நான் உங்களுக்கு யாருமில்லன்னு சொல்லிட்டு உட்கார்ந்து, எங்களுக்காகக் கை தூக்குங்கன்னா. பிள்ளைங்களுக்காகக் கேக்கறேன்னா. நான் தலையாட்டினேன். ஆமா சார், ஆட்டினேன். சும்மா இல்ல, நெசமாவே தூக்கறதாத்தான் இருந்தேன். இன்னிக்குக் காலையில ஷட்டரை இழுத்து விடறப்பகூட, ஒத்தைக் கை என்ன, ரெண்டு கையையும் தூக்கிடணும்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். அந்த வீடு வரணும் சார். என் கொல்லைப்பக்கம் ரெண்டு பிள்ளைங்க கத்திக்கிட்டு ஓடினா எனக்குக் கசக்குமா?

கிளார்க் கேட்டாரு, யாருன்னு. அவ முதல் வரிசையில உட்கார்ந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தா, சொல்லு சொல்லுங்கற மாதிரி. நானும் வாயைத் திறந்தேன். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க, அவ என் சதைகூடக் கிடையாது. ஆனா என் நாத்தனார்னுதான் சார் வந்துது. சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

வெறும் பேச்சுதானேங்கறீங்க. ஆமா, வெறும் பேச்சுதான். அன்னிக்கு அவ சொன்னதும் வெறும் பேச்சுதான். ஆத்திரத்துல சொன்னா, கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு அதையே நான் நிதானமா, நாலு பேருக்கு முன்னாடி, அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணுமா? வீடு போனா போகுது, அடுத்த வருஷம் நீங்களே வந்து அந்தக் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வரைஞ்சு குடுங்க. அதுவரைக்கும் என் மாடி சும்மாதான் பூட்டிக் கிடக்கு, பேரப் பிள்ளைங்களோட வந்து இருக்கட்டும். ஆனா எனக்கு யாருமில்லன்னு சொல்லிட்டு வந்திருந்தேன்னா, இப்ப அவளை எந்த முறையில சார் நான் வீட்டுக்குக் கூப்பிடுவேன்?

கொஞ்சம் தள்ளிக்கங்க, அவ வர்றா.