மஞ்சள் வரிசை

நீளமான பட்டியலைப் பார்க்கும்போது யாருக்கும் கண் தவறும். எனக்கும் தவறும். எங்கள் மருத்துவமனை மருந்தகத்தின் பொறுப்பாளர் அம்மாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தவறும், அவ்வளவுதான்.

அவருடைய எக்செல் கோப்பில் ஆயிரத்து நானூறு நோயாளிகள், ஆளுக்கொரு வரிசை. ஒரு குறிப்பிட்ட ஊசி யார் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதோ, அவர்களுடைய வரிசைக்குச் சிவப்பு அடித்து வைத்திருந்தார். எழுத்தில் எங்கும் கிடையாது. உயிர் போகிற விஷயத்துக்கு வெறும் வண்ணம். தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள் என்று மூன்று முறை சொன்னேன்.

“கலரைப் பாத்தாலே தெரியுதே தம்பி. இதுக்குப் போயி படிச்சு வேற பாக்கணுமா?” என்றார், எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் ஆளைப் பார்த்துச் சிரிக்க அங்கே தனித் தகுதி எதுவும் தேவையில்லை.

பிறகு ஒருநாள் அவரே வந்தார். “எந்த வரிசையில நிக்கிறேன்னே தெரிய மாட்டேங்குது தம்பி. ஏதாச்சும் பண்ணிக் குடேன்.”

பத்து நிமிட வேலை, சின்ன மேக்ரோ, எக்செல் கோப்புக்குள்ளேயே தானாக ஓடும் நிரல். அவர் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அந்த வரிசை முழுக்க மஞ்சளாகும். அடுத்ததற்குப் போனதும் பழைய வரிசை வெள்ளையாகிவிடும். வெள்ளையாக என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். முன்பிருந்த நிறத்தை நினைவில் வைத்துத் திருப்பித் தர இன்னும் நாலைந்து வரி எழுத வேண்டும். எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன், சரியாக வேலை செய்தது. அழித்தேன்.

ஆக, அவர் எவ்வளவு பொறுப்பாகப் பார்க்கிறாரோ அவ்வளவு சிவப்பு போகும். ஒரு வாரத்தில் கண்டுபிடித்து, அலறியடித்துக்கொண்டு ஓடி வருவார் என்று நினைத்தேன். மூன்று மாதமாயிற்று. வாயெல்லாம் பல்லாக எனக்குப் பாராட்டு வேறு.

“கண்ணுக்கு எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா? இப்பல்லாம் செவப்பு ஆளுங்களும் குறைஞ்சுட்டாங்க.”

நீங்களாக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

பழைய கோப்பின் நகல் என்னிடம் இருந்தது. சிவப்பில் இருந்த முப்பத்தொரு பேரும் எனக்கு மனப்பாடம். அதில் ஒருவர், வயதான தையல்காரர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகளோடு வந்தார். நான் அங்கேதான் பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“எனக்கு எப்பவும் வேற ஊசில்ல போடுவாங்க?” என்று கேட்டார். துணி வெட்டுகிறவருக்கு இருந்த புத்தி.

“ஷீட்டுல உங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க. பயப்படாம போட்டுக்கோங்க” என்று சொல்லி, பொறுப்பாளர் அம்மா மருந்தை எடுத்து நர்ஸிடம் கொடுத்தார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் இரண்டு நாள் என்னைப் புகழ்ந்துவிட்டு, மறுபடி சிவப்பு அடிக்க உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லித் தெரியாது. மை மாற்றி முடித்து, சோதனைக்கு ஒரு தாள் அச்சடித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. அதற்குள் உள்ளே அந்த மகள் கத்தத் தொடங்கியிருந்தாள்.

தையல்காரர் பிழைக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மேக்ரோவில் பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த நேரத்தில் திரையில் அவருடைய வரிசைதான் மஞ்சளாக இருந்தது. சரியான ஆள், சரியான வரிசை.