பாட்டு இருக்கும் வரை

எங்கள் ஆடுகளத்து மண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள் ஐயா. வில்லாபுரம் கண்மாய்க்குள் அவ்வளவு நல்ல மண் வேறு எங்கும் கிடையாது. கொத்தி, சலித்து, முள்ளும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கி எறிந்து வைத்திருந்தோம். விழுகிறவனுக்கு ஒரு சிராய்ப்புகூட வரக்கூடாது என்பது என் கண்டிப்பு. சங்கிலிக்கும் வரவில்லை. உடம்பில் காயமே இல்லை என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்களாம்.

எங்கள் அணிப் பையன்கள் காளை, நல்லகாமன், பேச்சிமுத்து மூவரையும் ஸ்டேஷனில் உட்காரவைத்து, "ஏண்டா அவன் மேலேருந்து எந்திரிக்கல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "பாட்டு கேட்டுச்சுய்யா" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அதை விளக்கத்தான் இதை எழுதித் தருகிறேன்.

சங்கிலி என் மனைவி தங்கப்பொண்ணின் தம்பி. எங்கள் கபடி அணிக்கு நான் கேப்டன். அவன் பாடிப் போனால் கால் தரையில் படுவதே தெரியாது. பிடிபட்டால் முடிந்தது. 'கபடி கபடி' என்ற பாட்டு வாயில் இருக்கும் வரை பிடித்தவர்கள் விடமாட்டார்கள். பாட்டு நின்றால் அவன் அவுட், உடனே எழுந்துவிட வேண்டும். ஆட்டமே அதுதான். இவனோ மேலே ஆள் விழுந்ததுமே பாட்டை விட்டுவிடுவான். எண்பத்தொன்றாம் வருஷப் பொங்கல் போட்டியில், "பேருதான் சங்கிலி, பிடிச்சா பஞ்சுநூலு" என்று அவனியாபுரத்துக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அவனுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை.

எதற்கு இப்படிப் பயப்படுகிறாய் என்று கேட்டேன்.

"இருட்டிக்கிட்டு வருது மச்சான். இனிமே இவய்ங்க எந்திரிக்கவே மாட்டாய்ங்கன்னு தோணுது."

"கூறுகெட்டவனே, பாட்ட நிறுத்துனா விட்ருவோம்ல. ஒன்னயக் கொல்லவா போறோம்?"

சிரித்தான். நம்பினான்.

பயம் எனக்குப் புதிதில்லை. பசுமலையில் ஒரு பயிற்சி முகாமில் வாத்தியார் ஒருவர் சொன்னார்: பயத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அமைதி இருக்கிறது, அங்கே போனவனுக்குக் கூட்டத்தின் சத்தம் கேட்காது, உடம்பு தானாக ஆடும், நேரம் நின்று கொடுக்கும். ஆடிய காலமெல்லாம் அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் கருவேலம்புதருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவேன். பித்தம் என்று தங்கப்பொண்ணிடம் சொல்லிவைத்திருந்தேன்.

சங்கிலியின் பயத்தைத் தெளிவிக்கும் பயிற்சியை ஒழுங்குமுறையாகத்தான் தொடங்கினேன். முதலில் அவன் முதுகில் ஓர் ஆள். பழகியதும் இரண்டு பேர். இடையில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், பாட்டு மட்டும் அறுபடக் கூடாது என்று பயிற்சிக்காக விதியைத் தளர்த்தியதும் நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரையும் அவன் மேல் படுக்கச் சொன்னேன். நான் தலைமாட்டில் படுத்து, அவன் தலையைக் கைக்குள் அணைத்துப் பிடித்திருந்தேன். மேலே கிடந்தவர்களுக்கு அவன் முகம் தெரியாது. பாட்டுதான் கேட்கும்.

நன்றாகத்தான் பாடினான். பிறகு குரல் நடுங்கியது. துணைக்கு நானும் சேர்ந்து பாடினேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நாமும் வாயைத் திறப்பதில்லையா, அப்படி.

கொஞ்ச நேரத்தில் அவன் நிறுத்திவிட்டான். "மச்சான்" என்றான். எனக்கு மட்டும் கேட்டது.

"போதும்ணே, விட்ருவமா?" என்று காளை கேட்டான்.

நான் பாடிக்கொண்டிருந்தேன்.

"அடேயப்பா, பயபுள்ள இன்னும் பாடுறான்டா! அமுக்குங்கடா, இன்னைக்கு இவன ஆம்பளையாக்கிருவோம்" என்றான் நல்லகாமன்.

அப்போதுதான் அது வந்தது ஐயா. கரையில் போன வண்டிச் சத்தம் அற்றுப்போனது. வயிற்றில் எப்போதும் கிடக்கும் குளிர் இல்லை. ஒவ்வொரு மணல்துகளும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் விரல்கள் என் முழங்கையைப் பிறாண்டின. எதற்கு என்றும் தெரிந்தது. தெரிந்தும் பயம் வரவில்லை. நாக்கு தானாகப் பாடியது. விரல்கள் ஓய்ந்த பிறகும் பாடியது.

நான் நிறுத்தியதும் மூவரும் விதிப்படி உடனே எழுந்துவிட்டார்கள். காளை அவனைப் புரட்டி, கன்னத்தில் தட்டி, "எந்திரிடா மாப்ள, செயிச்சுட்டடா" என்றான்.

அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் கேட்டது என் குரல். சங்கிலி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவன் சாக வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இன்னும் சற்று நேரம் பயமில்லாமல் இருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

இப்போது பயம் திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட அதிகமாக இருக்கிறது. அது போவதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆகையால் ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா: சிறையில் என்னோடு வேறு யாரையும் படுக்கவைக்காதீர்கள்.