பக்கத்தில் சேராத முப்பத்தொன்பது வாழ்த்துகள்

மயிலை மாடவீதியிலிருந்து மாம்பலத்துக்கு மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வந்த மாண்பே! குறிகளுக்குள் ஒளிந்த குற்றம் காணும் கூர்விழியே! பணிநிறைவு காணும் எங்கள் ஹம்சா அம்மையீர், வணக்கம்!

வாழ்த்துமடலென்றால் புகழ வேண்டும். இம்மடலோ முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சற்றே பொறுத்தருள்க, உங்கள் முன்னிலையிலேயே அவையோருக்கு அதைச் சொல்லிவிடுகிறோம்.

அவையோரே! குறிகள் கலந்த வெறும் எழுத்தை, இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி படித்து, தலைப்பு இது, பத்தி இது, படம் இது என்று பிரித்து, உருவுள்ள ஆவணமாக்கித் தரும். அப்படி ஆக்கவைக்கும் நிரல்களை எழுதுவதே இருபத்தாறு ஆண்டுகளாக அம்மையாரின் பணி. ஆனால் ஆக்கினால் மட்டும் போதுமா? அந்த ஆவணம் கணினியின் நினைவில் முழுதாக இருக்கும். பக்கத்தில் சேர்க்கும்வரை ஒரு கண்ணுக்கும் தெரியாது. எங்களில் யார் வந்து "பேஜ் காலியா வருது" என்று புலம்பினாலும் அம்மையார் கேட்பது ஒன்றே. 'பேஜ்' என்று சொல்லமாட்டார். "படிச்சாச்சு, சரி. பக்கத்துல சேர்த்தேளா?" என்பார். சேர்த்திருக்கவே மாட்டோம்.

கொரோனா வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யப் போன நாங்கள் முப்பத்தொன்பது பேரும் போனவர்கள் போனவர்கள்தான். கணவரை இழந்த அம்மையார் மட்டும் நாள்தோறும் பாண்டி பஜார் பின்தெருவின் இந்த இரண்டாம் மாடியைத் திறந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே அமர்ந்து, தயிர்சாத டப்பாவைத் தனியே பிரித்தார். "இன்னா மேடம், இன்னும் ஆபீஸ்லயா கீறீங்க?" என்று ஒருநாள் திரையில் சக ஊழியர் பிரபு கேட்டார். "ஆத்துல மட்டும் யார் இருக்கா, பிரபு?" என்று சிரித்தார் அம்மையார். நாங்களும் சிரித்துவிட்டு அழைப்பைத் துண்டித்தோம்.

வந்தது விடைபெறும் வாரம். நாங்கள் எழுதிய வாழ்த்துகளைத் திரட்டிப் பிரபு ஒரு பக்கம் செய்தார். கணினியின் நினைவில் உள்ளதைக் காட்டும் தம் சோதனைத் திரையில் முப்பத்தொன்பதும் வரிசையாக நிற்கக் கண்டு, திங்களன்று அனுப்பிவைத்தார். அம்மையார் திறந்தார். "ஹம்சா மேடத்துக்கு எங்கள் வாழ்த்துகள்" என்றொரு தலைப்பு. அதன் கீழே ஒன்றுமில்லை. காத்திருந்தார். மறுபடி திறந்தார். பிறகு எல்லோருக்கும் எழுதினார்: "பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். நன்றி." நாங்கள் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினோம். எங்களில் ஒருவராவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோமா? வெட்கம்! இல்லை.

வியாழனன்று விழாவுக்கு நாற்காலி ஒழுங்கு செய்ய வந்த பிரபு, அம்மையார் திரையைக் கண்டு திடுக்கிட்டார். "இன்னா மேடம், காலியா கீது?"

"அப்படித்தான் வந்தது. எல்லாருக்கும் வேலை இருக்குமோல்லியோ? என்னைப் பத்தி எழுதறதுக்குத்தான் என்ன இருக்கு?"

அடடா! அடுத்தவர் பக்கம் காலியாய் வந்தால் பிழையென்று பாய்ந்து பிடிப்பவர், தம் பக்கம் காலியாய் வந்தபோது மட்டும் அதை உண்மையென்று நம்பிவிட்டார். நான்கு நாள் அந்த நம்பிக்கையோடுதான் வீடு போய் வந்தார்.

பிரபு பதறிப்போய் நிரலைத் திறந்தார். அம்மையார் எட்டிப் பார்த்து, "பக்கத்துல சேர்த்தேளா?" என்றார். கேட்டபின்தான் அவருக்கே புரிந்தது, வாழ்த்துகள் எழுதப்படாமல் இல்லை, பக்கத்தில் சேராமல் நிற்கின்றன என்று. விட்டுப்போன அந்த ஒரு வரியைத் தாமே எழுதினார். வாழ்த்துகள் வந்து நிறைந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முப்பத்தொன்பதையும் படித்தார்.

அம்மையீர்! பிரபு விட்டது ஒரு வரி. நாங்கள் விட்டது ஐந்தாண்டு. உங்களைப் பற்றி எழுத அவ்வளவு இருந்தும் ஒருநாள் மாடியேறி வரவில்லை. இன்று வந்திருக்கிறோம், நாற்காலி போதாமல் நிற்கிறோம். நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் வாழ்க! காலியாய் ஒரு பக்கம் கண்டால், இனியாவது அதைப் பிழையென்றே கொள்க!

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தில் காலம் தாழ்ந்து சேர்ந்த முப்பத்தொன்பது பேர்