ராணிக்குப் பதில் ஆடு

அருங்காட்சியகத்தில் பொருள்களுக்குக் கீழே ஒட்டும் சிறு அட்டைகளை எழுதுவது என் வேலை. அட்டை உள்ளங்கை அளவுதான். அதனால் எனக்கு நீட்டி முழக்க வராது. நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேநீர் வேண்டாம்.

என் மனைவி சாகச நாவல் எழுதுபவள். ஒரு ராணி, அவர் ஏறிப் பறக்கும் ஆமை, வழியெல்லாம் பூதங்கள். ராணி நிஜமாகவே வாழ்ந்தவர். ஆமை அப்படி இல்லை. ஆமையை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆதாரம் இருக்கும் விஷயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். ஒருமுறை ஆமைக்கு உருளைக்கிழங்கு கொடுத்து எழுதிவிட்டாள். அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு இந்தப் பக்கமே வரவில்லை என்று தெரிந்ததும் அச்சகத்துக்கு ஓடினாள். ஆமை முள்ளங்கி தின்றது. தின்றுவிட்டு மேகத்துக்குள் பறந்தது. அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதும் அப்படித்தான். ஒரு செருப்பின் அட்டையில் நூற்றாண்டைத் தவறாகப் போட்டிருந்தேன். வந்து சண்டை பிடித்தாள். திருத்தினேன். பிறகு கல்யாணம் செய்துகொண்டோம்.

கடைசிப் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை எழுதாமல் போய்விட்டாள். காய்ச்சல். பதிப்பாளர் என்னை முடித்துத் தரச் சொன்னார். அவளுக்கு வரலாற்றுக் குறிப்புகள் தேடிக் கொடுத்தது நான்தான் என்பதால் ஒப்புக்கொண்டேன். எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ராணி சாக வேண்டும். எதிரிகள் சூழ்ந்த கோட்டைக்குள், சின்ன வயதில், அவரும் காய்ச்சலில்தான் இறந்தார். எலும்புகள் எங்கள் இரண்டாவது கூடத்தில் ஒரு கல்பேழையில் இருக்கின்றன. அந்த அட்டையையும் நான்தான் எழுதினேன்.

வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். ஆமைக்குச் சளி பிடித்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். ராணியின் அறைக்குள் மட்டும் போகவில்லை.

என் மனைவியின் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நான் சாப்பிட்டேனா என்று பாத்திரங்களைத் திறந்து பார்ப்பாள். எழுதியதையும் படித்துப் பார்த்தாள்.

"ஆமையோட மூக்கைப் பத்தி இவ்வளவு எதுக்கு மாமா? ராணி பொழைச்சுட்டான்னு எழுதி முடிங்க."

"செத்ததுக்கு ஆதாரம் இருக்கும்மா."

"எங்க இருக்கு?"

"ரெண்டாவது கூடத்துல. கண்ணாடிக்குப் பின்னாடி."

"அப்ப அதைத் தூக்கிக் கடாசுங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். வேடிக்கையாகச் சொன்னாள். அவளை விசாரிக்க வேண்டாம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் தவறு எதுவும் இல்லை. சட்டம் ஆதாரத்தை மீறக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆதாரம் வேறாக இருந்தால் கதையும் வேறாக இருக்கலாம். நான் சட்டத்தை மீறவில்லை.

வார விடுமுறையில் கண்ணாடி துடைப்பதற்கும் அட்டை மாற்றுவதற்கும் சாவி என்னிடம் இருக்கும். கசாப்புக்கடையில் ஆட்டெலும்பு வாங்கினேன். நாய் வளர்க்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். எலும்பை வேகவைத்து, தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மாடியில் காயவைத்தேன். நல்ல நிறம் வந்தது. என் மனைவியின் பயணப் பெட்டியில் அதைக் கொண்டுபோனேன். திரும்பும்போது பெட்டியில் ராணி இருந்தார். பேருந்தில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பெட்டியை உட்காரவைத்தேன்.

பிறகு அத்தியாயம் தானாக வந்தது. கோட்டைக்குள் ஓர் ஆட்டைப் புதைத்து தான் செத்துவிட்டதாக எதிரிகளை நம்பவைத்து, ராணி ஆமையின் மேலேறித் தப்பிக்கிறார். அதை அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் ஆதாரம் வெளிவர வேண்டும் அல்லவா. ஒருவரும் கவனிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆட்டைப் பார்த்துப் போனார்கள். ஓர் அம்மாள் கண் கலங்கினார். கடைசியில் நானே இயக்குநரிடம் போய், புதிய அட்டைக்கு ராணியின் உயரம் வேண்டும், எலும்பு நிபுணர் ஒருவரை அழைத்தால் நன்றாக இருக்கும் என்றேன்.

நிபுணர் வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "உயரம் இடுப்பளவு இருக்கும். கொம்பு இருந்திருக்கும்" என்றார்.

அப்படியானால் ராணி தப்பித்திருக்க வேண்டும் என்று நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். இயக்குநர் அந்த வழியில் யோசிக்கவே இல்லை. அவர் காவலாளியை யோசித்தார். நாங்கள் கொட்டாவி என்று கூப்பிடும் அந்த மனிதர் தினமும் இரண்டாவது கூடத்து வாசலில் உட்கார்ந்துதான் ஆட்டுக்கறி சாப்பிடுவார். எலும்புகளை விற்றுவிட்டுத் தன் தட்டில் மிஞ்சியதை உள்ளே போட்டுவிட்டார் என்று முடிவாகிவிட்டது. உங்கள் ஆட்கள் அவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க. ஆட்டைத் தின்னேன், ஒத்துக்கறேன். ராணியம்மாவை நான் என்ன பண்ணப்போறேன்? பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், இந்த நேரத்துல எலும்புத் திருடன்னு பேர் வந்தா எவன் வருவான்?"

நான் வந்தது அதற்காகத்தான். அவரை விட்டுவிடுங்கள். பேழையைத் திறந்தது நான், ஆட்டை வைத்தது நான், ராணியை எடுத்தது நான். வருத்தப்படுகிறேனா என்று கேட்டீர்கள். காவலாளி விஷயத்தில் வருத்தம்தான். மற்றபடி நான் செய்தது ஆராய்ச்சி. அதற்கும் வீட்டில் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த மாதிரி ஆள் நான் இல்லை. இறுதிச் சடங்கு முடிந்த மறுநாளே வேலைக்குப் போனவன்.

எலும்புகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். படுக்கையறையில், கட்டிலின் சன்னல் பக்கம், கம்பளி போர்த்தியிருக்கும். உங்கள் ஆட்களிடம் மட்டும் கொஞ்சம் சொல்லிவையுங்கள். விளக்கைச் சட்டென்று போட வேண்டாம். பாதித் தூக்கத்தில் எழுப்பினால் அவளுக்கு நாள் முழுவதும் தலை வலிக்கும்.